3,446 பேருக்கும் பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

நாஜி ஜெர்மனி நடத்திய யூத இன அழிப்பை நினைவுகூரும் சர்வதேச நாள் ஜனவரி 27. ஆண்டுதோறும் அதையொட்டி வரும் கட்டுரைகளில் 60 லட்சம் என்ற எண்ணும் ஆஷ்விட்ஸ் முகாம் வாயிலின் படமும் தவறாமல் இருக்கும். கொல்லப்பட்டவர்கள் எந்த ஊர்க்காரர்கள், யாருடைய பிள்ளைகள், என்ன தொழில் செய்தார்கள் என்பது அநேகமாக இருக்காது. அதைத் தேடிச் சேர்க்கும் வேலை எப்படி நடக்கிறது என்பதும் நம் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும்.

லித்துவேனியாவிலுள்ள ஐஷிஷோக் என்ற சிற்றூரில் 1941 செப்டம்பர் இறுதியில் யூதர்களைக் குழிகளின் ஓரத்தில் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். நாஜிக் கொலைப்படைத் தளபதி கார்ல் யேகர் அதே ஆண்டு டிசம்பர் 1 தேதியிட்டு எழுதிய அறிக்கையில் அந்த ஊருக்கு ஒரே வரிதான்: ஆண்கள் 989, பெண்கள் 1,636, குழந்தைகள் 821, மொத்தம் 3,446. ஒரு பெயர்கூட இல்லை. பிரான்ஸ், நெதர்லாந்திலிருந்து ரயிலேற்றப்பட்டவர்களுக்காவது பெயரும் பிறந்த தேதியும் கொண்ட பயணப் பட்டியல்கள் உண்டு. சொந்த ஊரிலேயே சுடப்பட்டவர்களுக்கு அதுவும் கிடையாது. கொன்றவர்களின் காகிதத்தை மட்டும் நம்பினால் கிடைப்பது வெறும் எண்தான்.

அதனால் தேடலை வேறு இடங்களில் தொடங்க வேண்டியிருக்கிறது. ஐஷிஷோக்கில் சிறுமியாக இருந்து உயிர்தப்பிய வரலாற்றாசிரியர் யாஃபா எலியாக், உலகெங்கும் சிதறிய ஊர்க்காரர்களிடமிருந்து சுமார் 6,000 புகைப்படங்களைத் திரட்டினார். போருக்கு முன்பே வெளிநாடு போன உறவினர்களுக்குத் தபாலில் அனுப்பிய படங்கள் அவர்களிடம் பத்திரமாக இருந்தன. அவற்றில் ஒரு பகுதி 1993 முதல் வாஷிங்டன் ஹோலோகாஸ்ட் (யூத இன அழிப்பு) அருங்காட்சியகத்தில் கோபுரமாக உயர்ந்து நிற்கிறது. இத்தகைய படங்களை நகலெடுக்கும்போது பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்தே ஆக வேண்டும். ஸ்டூடியோ முத்திரையும், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இட்டிஷ் மொழியில் எழுதிய நாலு வரியும் அங்கேதான் இருக்கும். படத்திலிருப்பவர் யாரென்று இருவரிடம் தனித்தனியாகக் கேட்பது நல்லது. சேர்த்து உட்காரவைத்துக் கேட்டால் முதலில் பேசியவர் சொன்னதையே மற்றவரும் சொல்லிவிடுவார்.

ஜெருசலேமிலுள்ள யூத இன அழிப்பு நினைவு நிறுவனமான யாத் வஷேம் 1950களிலிருந்து சாட்சியப் படிவங்களைச் சேர்த்துவருகிறது. ஆளுக்கு ஒரு படிவம்: பெயர், பெற்றோர், துணைவர், பிறந்த ஊர், போருக்கு முன் வசித்த ஊர், தொழில், இறந்த இடம். இன்றுவரை ஏறத்தாழ 50 லட்சம் பெயர்கள் அங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பெயர் இன்னும் கிடைக்காதவர்களில் குழந்தைகள் மிகப் பலர். குடும்பம் முழுவதும் கொல்லப்பட்டபின் படிவம் நிரப்ப யார் இருக்கிறார்கள்? ஒரே ஆளுக்கு மூன்று உறவினர்கள் மூன்று படிவம் தருவதும் உண்டு. ஒருவர் ட்ஸ்வி என்பார், இன்னொருவர் ஹிர்ஷ் என்பார், மூன்றாமவர் இரண்டையும் சேர்த்து எழுதுவார். முதலாவது எபிரேயப் பெயர், அடுத்தது அதற்கு இணையான இட்டிஷ் பெயர். அவசரப்பட்டு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினால், நீக்கியதில் மட்டுமே இருந்த தாயின் பெயரும் போய்விடும்.

ஊர்ப்பெயரிலும் இதே சிக்கல். வில்னா, வில்னோ, வில்னியஸ் மூன்றும் ஒரே நகரம். எல்லைகள் மாறிய ஒவ்வொரு முறையும் பதிவேடுகளின் மொழியும் எழுத்தும் மாறின. ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துத் தேடி, 'பதிவு இல்லை' என்று முடிவுகட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

கல்லறைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். போருக்கு முன் இறந்தவர்களின் கல்லில், தந்தை பெயரோடு சேர்த்துப் பொறித்த பெயர்களிலிருந்து கொல்லப்பட்ட குடும்பங்களின் வேர்களைப் பிடிக்கலாம். கற்களைத் தூய்மை செய்கிறோம் என்று கிளம்புபவர்களால் அழிந்த எழுத்துகளும் உண்டு. கம்பி பிரஷ், ப்ளீச், அமிலம், அழுத்தத் தண்ணீர்க் குழாய் எதுவும் கூடாது. மணற்கல்லின் மேல்தோல் உரிந்தால் எழுத்தும் அதோடு போகும். சுத்தமான தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். எழுத்து தெரிவதற்காக மாவோ சுண்ணாம்போ பூச வேண்டாம். கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி விட்டாலே தேய்ந்த எழுத்து நிழல் கட்டித் தெரியும். மண்டிய மரங்களைத் தரைமட்டத்தில் வெட்டலாம், வேரைப் பிடுங்கக் கூடாது. புதைத்த எலும்புகளைக் கலைப்பதை யூதச் சமய விதி அனுமதிப்பதில்லை, கல்லும் சாய்ந்துவிடும்.

கல்லில் உள்ள ஆண்டு எபிரேய எழுத்துகளில் இருக்கும், ஆயிரத்தின் இலக்கம் பெரும்பாலும் விடப்பட்டிருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு; அவற்றைக் கூட்டி 1240 சேர்த்தால் ஆங்கில ஆண்டு வரும். 691 என்றால் 1931. யூதப் புத்தாண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் பிறப்பதால், அப்போதிலிருந்து டிசம்பர் முடிய இறந்தவர்களுக்கு 1239 சேர்க்க வேண்டும். இதை மறந்தவர்களின் பட்டியல்களில் ஓராண்டுப் பிழை அடிக்கடி தென்படுகிறது. தேய்ந்த கல்லில் தாலெத், ரேஷ் என்ற இரு எபிரேய எழுத்துகளும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றின் மதிப்பு 4, மற்றதன் மதிப்பு 200. எனவே படித்த பட்டியலோடு புகைப்படத்தையும் வைக்காவிட்டால் பின்னால் யாராலும் திருத்த முடியாது.

உயிர் பிழைத்தவர்கள் ஊர் ஊராக வெளியிட்ட நினைவு நூல்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பெரும்பாலானவை இட்டிஷிலும் எபிரேயத்திலும் இருப்பதால் பேரப்பிள்ளைகளுக்கே எட்டவில்லை. தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாக மொழிபெயர்த்தும் வேலை முடியவில்லை.

ஜெர்மனியின் ஆரோல்சன் ஆவணக் காப்பகம் 2020 முதல் தன்னிடமுள்ள நாஜி கால ஆவணங்களிலுள்ள பெயர்களை இணையவழியில் பதிவுசெய்யப் பொதுமக்களை அழைத்துவருகிறது. எந்த நாட்டிலிருந்தும் சேரலாம். கையெழுத்தில் ஜெர்மானியர்களின் 1 நம் கண்ணுக்கு 7 போலத் தோன்றும், அவர்களின் 7க்குக் குறுக்கே ஒரு கோடு இருக்கும். இது ஒன்றைக் கவனித்தாலே பிறந்த தேதிகளில் பல பிழைகளைத் தவிர்க்கலாம். வரலாறு படிக்கும் நம் கல்லூரி மாணவர்கள் இதில் சேர வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஜனவரி 27 கட்டுரையில் 60 லட்சம் என்ற எண்ணோடு ஏதாவது ஓர் ஊரின் பெயரையும், அவ்வூரார் சிலரின் பெயர், தொழில், படத்தையும் வெளியிடுங்கள். யாத் வஷேமின் பெயர்த் தொகுப்பு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஊர்ப்பெயரை இட்டாலே தேடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்