'ங'வில் என்ன பெயர் வைப்பது? திருகோணமலைச் சோதிடர் ஐயாமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சோதிடர் ஐயாமாருக்கு,

வணக்கம். பிள்ளை பிறந்து சாதகம் எழுத வருகிறவர்களுக்கு நீங்கள் ஒரு துண்டில் முதலெழுத்தை எழுதிக் கொடுக்கிறீர்கள். அந்தத் துண்டு அப்புறம் என் வீட்டு வாசலுக்கு வருகிறது. தமிழ் படிப்பித்தவள் என்பதால், "ரீச்சர், இந்த எழுத்தில ஒருத்தருக்கும் இல்லாத பெயரா ஒண்டு சொல்லுங்கோ" என்று இளம் தாய்தகப்பன்மார் கேட்கிறார்கள். துண்டை விரித்தால் சில நேரம் 'ங' என்றிருக்கும்.

ஒரு நட்சத்திரத்துக்கு நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து என்பது உங்கள் அட்டவணை. அதில் திருவாதிரைக்கு எழுத்து கு, க, ங, ச. மூன்றாம் பாதத்தில் பிறந்தால் 'ங'. அந்த எழுத்தில் ஔவையார் 'ஙப் போல் வளை' என்று ஒருமாதிரிச் சமாளித்துவிட்டுப் போய்விட்டார். பெயருக்கு நான் எங்கே போவது? ஆயிலியத்துக்கு நான்கு பாதமும் டி, டு, டே, டோ. அத்தத்துக்குப் பூ, ஷ, ண, ட. தமிழில் ட, ண இரண்டும் சொல்லுக்கு முதலில் வராதவை. ர, ல வந்தால்கூட முன்னால் ஓர் இகரம் போட்டு இராமன், இலட்சுமி என்று எழுதிப் பழகியவர்கள் நாங்கள். அட்டவணை வடமொழி ஒலிகளை வைத்துக் கட்டியது, அதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதை அப்படியே துண்டில் இறக்கிக் கொடுத்தால் பெற்றோர் டிலக்‌ஷன், டினோஜன் என்றுதான் போய் நிற்கிறார்கள். அபூர்வமான பெயர் என்று வைப்பார்கள், வகுப்புக்கு வந்தால் அதே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். பொருள் என்ன என்று கேட்டால் தாய் தகப்பனைப் பார்ப்பார், தகப்பன் கூரையைப் பார்ப்பார். இந்த விசயத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த முஸ்லிம் குடும்பங்கள் கெட்டி. ஏழாம் நாள் பெயர் சூட்டும் அகீகாச் சடங்குக்கு முன்பே பெயரின் பொருளை விசாரித்து முடித்துவிடுவார்கள்.

சாதகம் பார்க்கிறதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பாதம் என்பது 3 பாகை 20 கலை, சந்திரன் அதைக் கடக்க ஆறு மணித்தியாலம் மட்டில் எடுக்கும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் கணிப்பில் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியாததா? பாதத்தின் விளிம்பில் பிறந்த பிள்ளைக்கு ஒரு பஞ்சாங்கத்தில் ஓர் எழுத்து, மற்றதில் வேறெழுத்து. இவ்வளவு இளக்கம் உள்ள இடத்தில் ஒற்றை எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஏன் நிற்க வேண்டும்? கோயிலில் அர்ச்சனைக்குப் போனாலும் ஐயர் பெயரையும் நட்சத்திரத்தையும் தனித்தனியாகத்தான் கேட்கிறார். பெயரைக் கேட்டே நட்சத்திரம் கண்டுபிடிக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

எழுத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் இந்த ஊரிலேயே பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன. 'ங' வந்த பெண்பிள்ளைக்கு நட்சத்திரத்தின் பெயரையே வைக்கலாமே: ஆதிரை. மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் பெயர் அது. ரோகிணி, ரேவதி, சுவாதி, விசாகன் எல்லாம் அப்படி வந்தவைதானே. மகத்தின் முதற்பாதத்துக்கு 'மா'. கோணேச்சரத்து அம்பாள் மாதுமையாள் இருக்கிறாள், மாது உமை. அந்தப் பெயரை இந்த ஊர்க்காரர் வைக்காவிட்டால் வேறு யார் வைப்பது?

அனுஷத்து இரண்டாம் பாதத்துக்கு 'நி'. சம்பந்தர் நம் மலையைப் பாடிய பதிகத்தின் முதற்பாட்டை எடுத்துப் பாருங்கள். கடல் அலை நித்திலம் கொழிக்கிற கோணமாமலை என்கிறார். நித்திலம் முத்து. பெண்ணென்றால் நித்திலா, ஆணென்றால் நித்திலன். அதே பாட்டில் 'நிமலர்' என்றும் வருகிறது, மாசற்றவர். ஏழாம் நூற்றாண்டில் இந்தக் கடலைச் சொல்லிப் பாடிய பாட்டு, ஒரே பாட்டில் மூன்று பெயர் கிடைக்கிறது. கார்த்திகை முதற்பாதத்து 'அ'வைக் குறில் நெடில் பாராமல் எடுத்தால் ஆடகசவுந்தரி இருக்கிறாள், கோணேச்சரத்துக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் குளக்கோட்டன் மன்னனின் கதையில் வருகிற அரசி. ஆடகம் ஒருவகைப் பொன். முழுப்பெயர் நீளம் என்றால் ஆடகி போதும். தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயில் அம்மனோ அம்சகமனாம்பிகை, அன்னநடையாள். அதை அப்படியே ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் ஏற்றச் சொல்ல எனக்கே மனம் வராது.

அத்தத்து 'ண'வோடு வந்தவர்களுக்கு அதே நட்சத்திரத்தின் 'பூ'வைக் காட்டி நான் சொல்கிற பெயர் பூதன்தேவன். ஈழத்துப் பூதன்தேவனார் பாடிய ஏழு பாட்டுகள் சங்கத் தொகைகளில் உண்டு. 'பூதன்' என்றால் பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுவார்கள் என்று தாய்மார் பயப்படுகிறார்கள். சரி, வீட்டில் தேவன் என்று கூப்பிடுங்கள் என்பேன்.

இன்னொன்று, எண்சோதிடம் பார்த்துப் பெயரின் எழுத்துக்கு எண் கூட்டுகிற ஐயாமாருக்கு மட்டும். ஆங்கிலத்தில் ஓர் 'எச்' கூட்டு, இரண்டு 'ஏ' போடு என்கிறீர்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு மாதிரி என்று மூன்று மொழிக்குள் பெயர் சிதறிய பிள்ளைகள் சத்தியக் கடதாசியோடு அலைகிறதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள்.

நம் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னால் வரும். இன்று ஆண்பிள்ளைக்கு வைக்கிற பெயர் முப்பது வருசத்தில் பேரப்பிள்ளையின் பெயருக்கு முன்னால் போய் நிற்கும். பொருள் தெரியாத பெயரை இரண்டு தலைமுறை சுமக்க வேண்டியிருக்கிறது.

31ஆம் நாள் துடக்குக் கழித்து, 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். அந்த அவசரத்தில் உங்கள் துண்டுதான் பெற்றோருக்கு வேதவாக்கு. ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. நட்சத்திரத்தின் நான்கு எழுத்தையும் எழுதிக் கொடுங்கள். தமிழில் தொடங்க முடியாத எழுத்தென்றால் நட்சத்திரத்தின் பெயரையே வைக்கலாம் என்று வாயால் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால், "சாத்திரியார் ஒண்டும் சொல்லமாட்டாரோ ரீச்சர்?" என்று கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை ஒருத்தி