அண்டை நாட்டவரின் குரலை எந்த நாடாளுமன்றம் கேட்கும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் மக்களாட்சி நலிந்துவருகிறது என்று வாதிடும் கட்டுரையொன்றைத் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் படித்தேன். யாராலும் தேர்ந்தெடுக்கப்படாத பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகளிடம் அளவுக்கு மீறிய அதிகாரம் குவிந்துவிட்டது என்பதும், அதை அந்தந்த நாட்டு நாடாளுமன்றங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டால் நோய் தீர்ந்துவிடும் என்பதும் கட்டுரையாளரின் முடிவு. முதல் பாதியை நான் பெரிதாக மறுக்கவில்லை. 2019 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஐரோப்பிய மக்கள் கட்சி, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் பதவிக்கு மன்ஃப்ரெட் வேபரை முன்னிறுத்தி வாக்குக் கேட்டது. தேர்தல் முடிந்ததும் உறுப்பு நாடுகளின் தலைவர்கள் மூடிய அறைக்குள் கூடிப் பேசி, அந்தப் பதவிக்காக மக்களிடம் வாக்குக் கேட்டே இராத உர்சுலா ஃபொன் டெர் லெயனை முன்மொழிந்தார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றமும் 383 வாக்குகளுடன், அதாவது தேவைப்பட்டதைவிட ஒன்பதே வாக்குகள் கூடுதலாக அளித்து, அதற்கு இசைந்தது. இதைப் பார்த்து வாக்காளர் சலித்துக்கொண்டால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. எனக்கு உடன்பாடில்லாதது கட்டுரையின் இரண்டாம் பாதிதான்.

நாட்டு நாடாளுமன்றம் தன் வாக்காளர்களுக்குப் பதில் சொல்லும், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது எடுக்கும் முடிவின் சுமை எல்லைக்கு அப்பால் இருப்பவர் தலையில் விழும்போது, அவருக்கு அங்கே வாக்கும் இல்லை, அவருக்காகப் பேச உறுப்பினரும் இல்லை. இருபத்தேழு நாடுகள், ஏறத்தாழ 45 கோடி மக்கள், பெரும்பாலும் சோதனைச்சாவடி இல்லாத எல்லைகள் என்று அமைந்த ஓர் ஒன்றியத்தில் இது எப்போதோ ஒருமுறை நேர்கிற விபத்தன்று, அன்றாடம் எழுகிற கேள்வி.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2015இல் ஜெர்மனியின் நாடாளுமன்றம் நெடுஞ்சாலைகளில் செல்லும் கார்களுக்குக் கட்டணம் விதிக்கும் சட்டத்தை இயற்றியது. கட்டணம் எல்லாருக்கும் பொது என்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் அதில் பாகுபாடு எதுவும் தெரியாது. கூடவே நிறைவேறிய இன்னொரு சட்டம்தான் சூட்சுமம்: ஜெர்மனியில் பதிவு செய்யப்பட்ட கார்களின் உரிமையாளர்களுக்கு, அவர்கள் செலுத்தும் கட்டணத்துக்குக் குறையாத தொகை வாகன வரியில் கழித்துக் கொடுக்கப்படும். கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் புதிய சுமை முழுவதும் வெளிநாட்டு வண்டிகள் மீதுதான். முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் முறையாக வாக்களித்து நிறைவேற்றிய சட்டம் இது. உள்நாட்டு வாக்காளருக்கு ஒரு காசு நட்டமில்லை. ஐரோப்பிய ஆணையம் முதலில் நடவடிக்கை எடுத்து, ஜெர்மனி சில திருத்தங்களுக்கு ஒத்துக்கொண்டதும் 2017இல் பின்வாங்கியது. ஆஸ்திரியா விடவில்லை. ஓர் உறுப்பு நாடு இன்னோர் உறுப்பு நாட்டை நேரடியாக வழக்குக்கு இழுக்க இடம் தரும், அரிதினும் அரிதாகவே பயன்படும் ஒப்பந்தப் பிரிவின் கீழ் அது லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. நெதர்லாந்தும் அதன் பக்கம் சேர்ந்துகொண்டது. வழக்கைத் தள்ளுபடி செய்யலாம் என்று நீதிமன்றத்தின் சட்ட ஆலோசகரே கருத்துத் தெரிவித்திருந்தும், 2019 ஜூன் 18 அன்று நீதிபதிகள் ஆஸ்திரியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். அதிகாரத்தை நாட்டு நாடாளுமன்றத்திடமே விட்டிருந்தால் இந்தக் கதை 2015இலேயே முடிந்துபோயிருக்கும்.

இதைவிடக் கடுமையானது டூரோவ் சுரங்கத்தின் கதை. போலந்தின் தென்மேற்கு மூலையில், ஜெர்மனிக்கும் செக் குடியரசுக்கும் நடுவே துருத்திக்கொண்டிருக்கும் நிலத்துண்டில், எல்லையை ஒட்டியே இருக்கும் திறந்தவெளிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் அது. பள்ளம் ஆழமாக ஆழமாக, செக் பக்கத்து ஊஹெல்னா போன்ற கிராமங்களில் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகிறது, கிணறுகள் வற்றுகின்றன என்பது அங்குள்ளவர்களின் முறையீடு. போலந்து அரசுக்கும் நியாயம் இருந்தது: ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் பிழைப்பும், அருகில் உள்ள அனல்மின் நிலையத்தின் எரிபொருளும் அந்தச் சுரங்கத்தையே நம்பியிருந்தன. 2020இல் போலந்து அரசு சுரங்கத்தின் உரிமத்தை நீட்டித்தது. ஊஹெல்னாவில் கிணறு வைத்திருப்பவர் பிராகில் உள்ள தன் நாடாளுமன்றத்தில் எவ்வளவு முறையிட்டாலும், உரிமத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு அவர் வாக்காளர் அல்லர், தொழிலாளர்களோ வாக்காளர்கள்.

செக் அரசு 2021 பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தது. சுரங்கப் பணியை நிறுத்திவைக்குமாறு நீதிமன்றம் மே மாதத்தில் இடைக்கால உத்தரவிட்டது, போலந்து கேட்கவில்லை. செப்டம்பரில் நாளொன்றுக்கு 5 லட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அதையும் போலந்து கட்டவில்லை. பிறகு ஏறத்தாழ 6.8 கோடி யூரோவை, அந்நாட்டுக்குச் சேர வேண்டிய ஒன்றிய நிதியிலிருந்து ஆணையமே பிடித்துக்கொண்டது. இத்தனைக்கும் சுரங்கம் ஒரு நாளும் நிற்கவில்லை. 2022 பிப்ரவரி 3 அன்று இரு நாட்டுப் பிரதமர்களும் பிராகில் அமர்ந்து உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிறகே விவகாரம் அடங்கியது: 4.5 கோடி யூரோ இழப்பீடு, நீர் கசிந்து போகாமல் தடுக்க நிலத்தடித் தடுப்பு, நீர்மட்டக் கண்காணிப்பு. நீதிமன்றத்தால் எதுவும் ஆகவில்லை என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. என் கணிப்பு வேறு. நாள்தோறும் ஏறிக்கொண்டிருந்த அபராதக் கணக்கு இல்லாவிட்டால், பேச்சுவார்த்தை மேசைக்குப் போலந்து அவ்வளவு விரைவாக வந்திருக்காது. கிராமத்துக் கிணற்றின் நீர்மட்டத்தை இரு நாட்டுப் பிரதமர்கள் பேச வேண்டிய விஷயமாக்கியது பிராக் நாடாளுமன்றத்தின் சொல்வன்மை அன்று, ஒன்றியத்தின் சட்டம்.

எல்லாச் சச்சரவும் சட்டத்துக்குள் அடங்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2009 ஆகஸ்ட் 21 அன்று, ஹங்கேரியின் குடியரசுத் தலைவர் லாஸ்லோ ஷோயோம், ஹங்கேரி மொழி பேசுவோர் மிகுந்த ஸ்லோவாகிய நகரமான கொமார்னோவில் ஹங்கேரியின் முதல் மன்னரான புனித ஸ்டீபனின் சிலையைத் திறந்துவைக்கப் புறப்பட்டார். ஸ்லோவாகியா அனுமதி மறுத்தது. டான்யூப் ஆற்றுப் பாலம்வரை வந்த அவர் அங்கிருந்தே திரும்பிப் போனார். 1968இல் சோவியத் தலைமையிலான வார்சா உடன்படிக்கைப் படைகள், ஹங்கேரியின் படையும் உட்பட, செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்த நாளும் அந்த ஆகஸ்ட் 21தான் என்பது ஸ்லோவாகியர்களின் மனத்தில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. ஹங்கேரி நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு நாட்டின் தலைவருடைய வருகையைச் சாதாரணக் குடிமகனின் பயண உரிமையோடு ஒப்பிட முடியாது என்று கூறி, 2012இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சரியான தீர்ப்பு என்றே கருதுகிறேன். வரலாற்றுப் புண்களை ஆற்றுவதற்கு நீதிபதிகளை அனுப்பக் கூடாது.

இதுவரை சொன்னது ஒன்றியத்தின் நல்ல பக்கம். அண்டை நாட்டவருக்குக் குரல் கொடுக்கும் அதே ஏற்பாடு, உறுப்பினராக விரும்பும் நாட்டின் விஷயத்தில் அண்டை நாட்டிடமே கதவின் சாவியைக் கொடுத்துவிடுகிறது. புதிய நாடொன்றைச் சேர்ப்பதற்கு ஏற்கெனவே உள்ளவர்கள் அனைவரின் ஒப்புதலும் தேவை. இறுதி முடிவுக்கு மட்டுமல்ல, இடையில் வரும் ஒவ்வொரு படிக்கும் தேவை. இதில் வடக்கு மாசிடோனியா பட்ட பாட்டை விரிவாகவே சொல்ல வேண்டும். 2005 முதல் அது வேட்பாளர் நாடு. நாட்டின் பெயரை மாற்றாமல் உள்ளே விட மாட்டோம் என்று கிரீஸ் ஆண்டுக்கணக்கில் தடுத்தது. 2018 ஜூனில், பிரெஸ்பா ஏரிக்கரையில், இரு நாட்டுப் பிரதமர்களான ஸிப்ராஸும் ஸாயெவும் முன்னிற்க, மாசிடோனியா என்ற பெயரை வடக்கு மாசிடோனியா என்று மாற்றும் உடன்பாடு கையெழுத்தானது. அதற்கு ஆதரவாக மாசிடோனியாவில் நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆம் என்றாலும், வாக்களிக்க வந்தவர்கள் பாதிக்கும் குறைவு. அப்படியிருந்தும் நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையைத் திரட்டி அரசியல் சட்டத்தைத் திருத்தியது. அரசியல் வாழ்வையே பணயம் வைத்துச் செய்த வேலை அது. 2019 அக்டோபரில் பிரான்ஸ் தடுத்தது. 2020 நவம்பரில், வரலாறும் மொழியும் பற்றிய வாதங்களை முன்வைத்து பல்கேரியா தடுத்தது. 2022 ஜூலையில் ஒருவழியாகப் பேச்சு தொடங்கியது. அடுத்த கட்டத்துக்குப் போக, அங்குள்ள பல்கேரியர்களை அரசியல் சட்டத்தில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையுடன்.

விட்டுக்கொடுத்த கட்சி 2024 மே தேர்தலில் படுதோல்வி அடைந்தது. புதிய குடியரசுத் தலைவர் பதவியேற்றபோது, மாற்றிய பெயரைச் சொல்லாமல் பழைய பெயரையே சொல்ல, கிரேக்கத் தூதர் அவையை விட்டு வெளியேறினார். அண்டை நாட்டோடு சமாதானம் செய்துகொண்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள், சண்டையை வளர்ப்பவர்களுக்கு வாக்குக் கிடைத்தது என்றால், அந்த வாக்காளர்களுக்கு அந்தப் பாடத்தைக் கற்பித்தது யார்? ஒவ்வொரு முறையும் கொடுத்த வாக்கைத் தள்ளிப்போட்ட ஒன்றியம்தான். கட்டுரையாளர் பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகளைச் சாடுகிறார். இங்கே தடை போட்டவர்களோ அவர் அதிகாரத்தைத் திருப்பித் தரச் சொல்லும் அதே நாட்டு அரசுகள். 2023 டிசம்பர் 14 அன்று உக்ரைனுடன் பேச்சு தொடங்குவது பற்றிய முடிவை எடுக்கையில், எதிர்ப்புத் தெரிவித்துவந்த ஹங்கேரியப் பிரதமர் ஓர்பன் அறையை விட்டு வெளியே போக, மற்ற இருபத்தாறு பேரும் உள்ளே முடிவெடுத்தார்கள். ஒரு விதியைக் காப்பாற்ற ஒருவரை வெளியே அனுப்ப வேண்டிவந்தால், விதியில்தான் கோளாறு.

வீட்டோ அதிகாரத்தை அடியோடு ஒழிக்கச் சொல்பவர்களோடும் நான் சேரவில்லை. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் 720 இடங்களில் ஜெர்மனிக்கு 96, மால்டாவுக்கு 6. உறுப்பு நாட்டு அரசுகளின் அமைச்சர்கள் கூடும் அமைச்சர்கள் மன்றத்தில் பெரும்பாலான சட்டங்கள் 55 விழுக்காடு நாடுகளும், 65 விழுக்காடு மக்கள்தொகையும் சேர்ந்த இரட்டைப் பெரும்பான்மையில் நிறைவேறுகின்றன. அங்கே சிறிய நாட்டின் குரல் எளிதில் அமுங்கிவிடும் என்ற அச்சம் பொய்யன்று. புதிய உறுப்பினரைச் சேர்க்கும் இறுதி ஒப்பந்தத்தில் எல்லாரும் கையெழுத்திட்டே தீர வேண்டும் என்பது இருக்கட்டும். பேச்சின் ஒவ்வொரு கட்டத்தையும் திறப்பதற்கும் மூடுவதற்கும் அந்த இரட்டைப் பெரும்பான்மையே போதும் என்று மாற்ற வேண்டும்; இரு நாடுகளுக்கு இடையிலான எல்லைத் தகராறும் வரலாற்றுத் தகராறும் தனியே நடுவரிடம் போக வேண்டும். நடுவர் முறையும் முழு மருந்தன்று என்பதற்கு, ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் கடல் எல்லைக்காகச் சண்டையிட்ட பிரான் வளைகுடா சாட்சி: ஸ்லோவேனியாவின் தடையைத் தாண்டிக் குரோஷியா 2013இல் உறுப்பினரானது, ஸ்லோவேனியா நியமித்த நடுவர் தம் நாட்டு அதிகாரியோடு ரகசியமாகப் பேசிய ஒலிப்பதிவு 2015இல் வெளியானதும், குரோஷியா அந்த நடைமுறையிலிருந்தே விலகியது, 2017இல் வந்த தீர்ப்பை இன்றுவரை ஏற்கவில்லை. ஆனாலும் அந்தக் கடலில் போர்க்கப்பல்கள் மோதிக்கொள்ளவில்லை. 2023இல் குரோஷியா, எல்லைச் சோதனையற்ற ஷெங்கன் வலயத்தில் சேர்ந்தபோது ஸ்லோவேனியா தடுக்கவும் இல்லை.

வாக்குரிமைக்கே வருகிறேன். வேறோர் உறுப்பு நாட்டில் குடியிருக்கும் ஒன்றியக் குடிமகன் அங்கே உள்ளாட்சித் தேர்தலிலும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் தந்த உரிமை இது. அந்நாட்டுப் பொதுத்தேர்தலில் பொதுவாக வாக்கு இல்லை. குடியிருப்போரில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டவரான லக்சம்பர்க்கில், நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்காவது அந்த வாக்கைத் தரலாமா என்று 2015இல் மக்களிடமே கேட்டார்கள். 78 விழுக்காட்டினர் கூடாது என்றார்கள். வாக்கு இருப்பவர்களை மட்டும் கேட்டால் அவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். ஒன்றியம் முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு 28 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் திட்டத்துக்கு ஐரோப்பிய நாடாளுமன்றம் 2022 மே மாதம் ஒப்புதல் அளித்தது. போலந்துக்காரரும் செக்காரரும் ஒரே வேட்பாளரிடம் கேள்வி கேட்க அது ஒரு வாய்ப்பு. அதை நகரவிடாமல் வைத்திருப்பது அமைச்சர்கள் மன்றத்தில் அமர்ந்திருக்கும் நாட்டு அரசுகள். தங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது அவர்களிடமும் காரணம் கேட்பார் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்