கரையோர வீடுகளுக்கும் மீனவ அண்ணன்களுக்கும் எங்கள் நன்றி

இந்தப் பருவத்தின் கடைசிக் கடலாமை முட்டைக் குழியும் பொரிந்துவிட்டது. பொரிப்பகத்தின் வேலியைப் பிரித்துக் கட்டிவைத்த கையோடு இதை எழுதுகிறோம்.

முதல் நன்றி மீனவ அண்ணன்களுக்கு. பங்குனி ஆமை என்னும் இந்தக் கடலாமையைப் பற்றி உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் மாணவர்களாகக் கரைக்கு வந்தோம். படிக்க வேண்டியவர்கள் நாங்கள்தான் என்பது முதல் இரவே தெரிந்துவிட்டது. தாய் ஆமை கலைத்துவிட்டுப் போன மணலைக் கண்டபடி கிளறப் போனோம். ஒரு பெரியவர் எங்களை நிறுத்தி, மெல்லிய கம்பு ஒன்றை ஊன்றிக் காட்டினார். கெட்டி மணலில் கம்பு தயங்கியது. குழிக்கு மேல் வந்ததும் லேசாக உள்வாங்கியது. "அவ்வளவுதான், இனிமேல் கைதான்" என்றார். ஒன்றரை அடி ஆழத்தில், பிங்பாங் பந்து அளவில் நூற்றுச் சொச்சம் முட்டைகள். இட்ட சில மணி நேரத்துக்குள், புரட்டாமல், அவற்றைப் பொரிப்பகத்துக்கு மாற்றியாக வேண்டும். தாமதமாகப் புரட்டினால் ஓட்டின் உள்பக்கம் ஒட்டிய கரு சிதைந்துவிடும். நடு இரவில் தடத்தைப் பார்த்த உடனே நீங்கள் போன் செய்யாவிட்டால் எதுவும் நடந்திருக்காது.

பொரிப்பகத்துக்கு நிழல்வலை தந்தவர்களுக்கும் நன்றி. மணல் சூடு கூடினால் குஞ்சுகள் பெரும்பாலும் பெண்ணாகவே பிறக்கும், மேலும் கூடினால் முட்டையே அவிந்துபோகும்.

அப்புறம், விளக்கணைத்த வீடுகள். நாங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு குழி தானாகப் பொரிந்த விடியலை மறக்க முடியவில்லை. இரவில் கடல் பக்கத்து அடிவானம்தான் வெளிச்சமாகத் தெரியும், குஞ்சுகள் அதை நம்பித்தான் நடக்கும். அன்று அத்தனை தடங்களும் கடலுக்கு முதுகைக் காட்டி, தெருவிளக்கைப் பார்த்துப் போயிருந்தன. பாதையோரம் குஞ்சுகள் காய்ந்து கிடந்தன. அந்தத் தடங்களை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். சாயங்காலமே அவர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். எங்கள் துண்டறிக்கைகளால் ஆகாதது இரண்டே நாளில் ஆனது. பிள்ளைகளே, உங்களுக்குத் தனி நன்றி.

இரவுக் காவலையும் பாடமாகக் கணக்கில் எடுத்து, தினமும் குறிப்பு எழுத வைத்த ஆசிரியருக்கும், தூக்கம் கெட்டுக் காத்திருந்த பெற்றோருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

நேற்றிரவு கரை முழுக்க இருட்டு. ஒரு குஞ்சு யாரோ மிதித்த கால்தடத்தில் விழுந்து தவித்தது. யாரும் அதைத் தூக்கவில்லை. ஒரு சிறுமி மட்டும் குனிந்து, பள்ளத்தின் விளிம்பை விரலால் மெல்லச் சரித்துவிட்டாள். அது ஏறிப் போய்விட்டது.

பெரியவரே, உங்கள் கம்பு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.