ஆடியில் தாராசுரம் வரைய வரும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மார்கழியில் எடுத்த போட்டோக்களை நம்பி, ஆடியில் தாராசுரம் கோயிலை நேரில் உட்கார்ந்து வாட்டர்கலரில் வரையத் திட்டம் போட்டிருக்கிறாய். அந்த வெளிச்சம் இப்போது இருக்காது.

தாராசுரத்தை ஒட்டிய கும்பகோணம் ஏறக்குறைய 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை முதல் வாரம் தாண்டியதும் நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடும்; ஆவணி முதல் வாரம் வரை அப்படித்தான். அதனால் கிழக்கு பார்த்த கோயிலின் தெற்குச் சுவரில் ஆடி முழுக்க, காலை முதல் மாலை வரை, நேர்வெயில் படாது. நீ குறித்து வைத்திருக்கும் தேர் மண்டபம் தென்பக்கம்தான் இருக்கிறது. வெயில் பட்ட கல்தான் வேண்டுமென்றால் வடபுறம் போய் உட்கார்.

என்னைக் கேட்டால், நிழல்பக்கத்தையே வரை என்பேன். கறுப்பு ட்யூபைத் திறக்காதே; அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்தால் கல்லின் சாம்பல் வந்துவிடும். ஒரே சாம்பலாகப் பூசினால் சுவர் அட்டைபோலத் தட்டையாகிவிடும். தரையில் விழும் வெயில் கீழிருந்து எதிரொளிப்பதால் புடைப்புகளின் அடிப்பக்கம் காவியேறி இருக்கும், மேல்பக்கம் வானத்து நீலம் வாங்கியிருக்கும். அந்த வித்தியாசம்தான் செதுக்கலைக் காட்டும்.

ஏழரைக்கு உட்கார்ந்தால் ஒன்பதரைக்கு எழுந்துவிடு. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. முதல் 10 நிமிடத்தில் நிழல்களின் ஓரத்தைப் பென்சிலில் பூட்டிவிடு. அப்புறம் நிழல் எங்கே போனாலும் பின்னாலேயே ஓடாதே. ஓடினால் ஒரே படத்தில் இரண்டு சூரியன்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும். படம் வைக்கும் ஈசல் ஸ்டாண்டுக்கு என்ன கதி? பலகையை மடியில் வைத்து, 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த பருத்தித் தாளை நான்கு மூலையிலும் கிளிப் போட்டுக்கொள். முழு ஷீட்டில் கால் பங்கு போதும். காற்றில் வாஷ், அதாவது நீர்த்துப் பூசும் நிறம், பாதியிலேயே காய்ந்து கோடு விழும். தாளின் பின்பக்கத்தையும் நனைத்துவிட்டால் கொஞ்சம் தாங்கும். தாள்மேல் வெயில் விழ விடாதே. அந்தக் கூச்சத்தில் எல்லா நிறமும் வெளுப்பாகத் தெரிய, நீ அழுத்திப் பூசிவிடுவாய். வீட்டில் பார்த்தால் படம் இருட்டாக இருக்கும்.

ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்தால் சாயங்காலம் படித்துறைக்கும் போ. கலங்கல் நீரில் பிம்பம் மங்கும், ஆனால் மரத்தின் நிழல் நீர்மேலேயே படுக்கும், பழுப்பாக. அதை நீலமாகப் போடாதே. குறுவைப் பயிருக்கு எலுமிச்சை மஞ்சளில் துளி கோபால்ட் நீலம் போதும். சாப் க்ரீன் என்ற ரெடிமேட் பச்சை ட்யூபை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

அன்புடன்,
அண்ணன்