நாடி கிடைக்காத கையைப் பிடித்திருந்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

அப்பா வீட்டுக்கு வந்து இன்றோடு ஏழு வாரம். புற்றுக்கட்டியை எடுத்த வயிற்றுக் காயம் ஆறிவிட்டது. மெதுவாகப் படியேறுகிறார். இதயத்தில் உள்ள பம்பின் பேட்டரியைத் தானே மாற்றிக்கொள்கிறார். டிஸ்சார்ஜ் ஆன அன்று உங்களில் ஒருவருக்குக்கூட நான் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. மருந்துச் சீட்டு, சார்ஜர், உபரி கன்ட்ரோலர் என்று பைகளை எண்ணுவதிலேயே என் கவனம் போய்விட்டது. அந்தக் குறை மனதை அரித்துக்கொண்டே இருந்ததால் இந்த மடலை எழுதுகிறேன். பெயர்களைப் பொதுவில் போட மனமில்லை. ஒவ்வொருவரையும் அவரவர் செய்த வேலையைச் சொல்லியே அழைக்கிறேன். படிக்கும்போது அது நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அப்பாவைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் இதயத்தில், இடது கீழறையின் முனையில், இரண்டரை ஆண்டாக ஒரு பம்ப் இருக்கிறது. ஹார்ட்மேட் 3 என்ற வகை. அதற்குள் இருக்கும் சுழலி காந்த விசையால் எதையும் உரசாமல் மிதந்தபடி நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேல் சுழன்று ரத்தத்தைப் பெருந்தமனிக்குத் தள்ளுகிறது. ரத்தம் விட்டுவிட்டுப் பாயாமல் தொடர்ந்து ஓடுவதால் மணிக்கட்டில் நாடி பெரும்பாலும் தட்டுப்படாது. பம்புக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயர் வயிற்றுச் சுவருக்குள்ளேயே குறுக்காக வந்து, வலப்பக்கம் விலாவுக்குச் சற்றுக் கீழே தோலுக்கு வெளியே வருகிறது. அதில் கத்தி பட்டால் பம்ப் நின்றுவிடக்கூடும். அதன் வழியே கிருமி ஏறினால் அதுவும் உயிருக்கு ஆபத்து. அந்த வயர் இருக்கும் அதே வலப்பக்கத்தில்தான், பெருங்குடலின் தொடக்கத்தில், அப்பாவுக்குப் புற்று வந்தது.

முதல் நன்றி குடல்நோய் மருத்துவர் அம்மாவுக்கு. அப்பாவின் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே வந்தபோது எங்களுக்கும் சரி, பார்த்த பலருக்கும் சரி, காரணம் பம்ப்தான் என்று தோன்றியது. தோன்றியதில் தவறும் இல்லை. பம்புக்குள் வேகமாகச் சுழலும்போது ரத்தத்தை உறைய வைக்கும் வான் வில்லிபிராண்ட் புரதத்தின் நீண்ட இழைகள் சிதைந்துவிடுகின்றன. குடல் சுவரில் மெல்லிய ரத்தக் குழாய்கள் புடைத்துக் கசிகின்றன. போதாததற்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை வேறு. இப்படிப்பட்ட நோயாளிக்குக் குடலில் ரத்தம் கசிவது அடிக்கடி நடப்பதுதான். நீங்கள் மட்டும் அந்தப் பதிலோடு நிற்கவில்லை. இரைப்பையில் அப்படி ஒரு கசிவைப் பார்த்துச் சரிசெய்த பிறகும், "இவ்வளவு ரத்தம் போவதற்கு இது போதாது, கொலனோஸ்கோபியும் பார்த்துவிடுவோம்" என்று பெருங்குடலுக்குள்ளும் கேமராவைச் செலுத்திப் பார்த்தீர்கள். அன்று அப்படிச் சொல்லியிராவிட்டால் கட்டி இன்னும் ஓராண்டு வளர்ந்திருக்கும்.

அடுத்த இரண்டு வாரங்கள் எங்களுக்குக் கெட்ட வாரங்கள். நாங்கள் போன ஓரிடத்தில் ஐந்தே நிமிடத்தில் "பம்ப் இருப்பவருக்கு வயிற்றைத் திறக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்க அம்மா வாயெடுப்பதற்குள் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர்கள் பயந்தது நியாயமான பயம்தான், அது இப்போது புரிகிறது. ஆனால் அன்று வெளியே வந்து அம்மா படிக்கட்டில் உட்கார்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால்தான் உங்கள் குழுவின் முதல் கூட்டம் எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. குடல் அறுவை மருத்துவர் ஐயா, இதயச் செயலிழப்பு மருத்துவர் அம்மா, மயக்க மருந்து மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், பம்ப் சிஸ்டர், எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தீர்கள். எங்களையும் உட்கார வைத்தீர்கள். எங்கள் முன்னாலேயே ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டீர்கள். அறுவை மருத்துவர், "இந்த வேகத்தில் ரத்தம் குறைந்தால் பம்ப் எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று கேட்டார். தன் துறையில் இத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவர் தனக்குத் தெரியாததை நோயாளியின் குடும்பத்துக்கு எதிரிலேயே கேட்டாரே, எனக்கு நம்பிக்கை பிறந்தது அந்த நொடியில்தான்.

செய்யலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு இதய மருத்துவர் அம்மா சொன்ன பதிலை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். இந்த வகைப் பம்போடு வாழ்பவர்களை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2022-இல் வந்திருக்கிறது. அதில் 58 விழுக்காட்டினர் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். "பம்ப் இவருக்கு ஆண்டுக் கணக்கில் வாழ்வு தரக்கூடியது. புற்று அதைத் தராது. அப்படியிருக்க, இதயத்தைக் காரணம் காட்டிப் புற்றை விட்டுவைப்பது சரியாகாது." அப்பா கேட்டுவிட்டுத் தலையை மட்டும் அசைத்தார். வீட்டுக்கு வந்து, "செய்துவிடலாம்மா" என்றார்.

பம்ப் சிஸ்டர், உங்களுக்கு இந்தப் பத்தி முழுவதும். அறுவைக்கு முந்தைய நாள் ஸ்கேன் படத்தையும் அல்ட்ராசவுண்டையும் வைத்துக்கொண்டு, வயர் தோலுக்கு அடியில் எங்கே திரும்புகிறது, எங்கே ஆழமாகப் போகிறது என்று அப்பாவின் வயிற்றில் மார்க்கரால் கோடு போட்டீர்கள். அறுவை மருத்துவரைக் கூப்பிட்டு அந்தக் கோட்டின் மேல் அவர் விரலை வைத்து நடத்தினீர்கள். துளைகளும் குடல் துண்டை வெளியே எடுக்கும் வெட்டும் எங்கே வர வேண்டும் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தீர்கள், எல்லாம் கோட்டுக்கு எட்டாத தூரத்தில். மலம் வெளியேற வயிற்றில் ஒரு வாய் (ஸ்டோமா) வைக்க நேர்ந்தால், அதன் பை வயர் வெளியே வரும் இடத்தின் பக்கமே வரக்கூடாது என்று, ஸ்டோமா சிஸ்டர் இடப்பக்கம் ஒரு புள்ளி வைத்தார். கடைசியில் அது தேவைப்படவில்லை, ஆனாலும் அந்தப் புள்ளிக்காகவும் நன்றி. வார்ஃபரினை நிறுத்தி, அதே வேலையை ஊசி வழியே செய்யும் ஹெப்பாரினுக்கு மாறிய ஐந்து நாளும் காலையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் நீங்களே வந்து எண்ணைச் சொன்னீர்கள். கூடினால் ரத்தக் கசிவு, குறைந்தால் பம்புக்குள் உறைகட்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறிய இடம். அதற்குள் அப்பாவை நிறுத்தி வைத்திருந்தீர்கள்.

அறுவை நாளில் உள்ளே நடந்தது எனக்குப் பிறகு சொல்லித்தான் தெரியும். மயக்க மருந்து மருத்துவருக்கு நாடியைத் தொட்டுத் தமனியைக் கண்டுபிடிக்க வழியில்லை. அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி போட்டிருக்கிறார். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியையும் முழுதாக நம்ப முடியாது என்பதால் நெற்றியில் வேறொரு கருவியை ஒட்டி மூளைக்குப் போகும் ஆக்சிஜனைக் கவனித்திருக்கிறார். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்புவார்கள். வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரை. அப்பாவுக்கு எட்டில் தொடங்கிப் பத்தைத் தாண்டவில்லையாம். வாயு அழுத்தினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். வந்து சேராத ரத்தத்தைப் பம்ப் எப்படித் தள்ளும்? அறை வெறுமையானால் பம்ப் இதயச் சுவரையே தன் பக்கம் உறிஞ்சிவிடும். வலது அறைக்கோ பம்ப் கிடையாது, அது இன்னும் அப்பாவின் சொந்த இதயம்தான், அதற்கும் அந்த வாயு ஒரு சுமை.

இரண்டாம் மணி நேரத்தில் பம்ப் வழியே ஓடும் ரத்தத்தின் அளவு இறங்கத் தொடங்கியிருக்கிறது. மயக்க மருந்து மருத்துவர் "நிறுத்துங்கள்" என்று ஒரே ஒரு சொல் சொன்னாராம். அறுவை மருத்துவர் கேள்வி கேட்காமல் கருவிகளை அசைக்காமல் பிடித்துக்கொண்டு வாயுவை வெளியேற்றியிருக்கிறார். மேசையைச் சமப்படுத்தி, திரவம் ஏற்றி, உணவுக்குழாய் வழியே செலுத்திய எக்கோ என்ற அல்ட்ராசவுண்டில் இதயம் நிரம்புவதைப் பார்த்த பிறகே மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள். மொத்தம் பதினோரு நிமிடம். அறுவை மருத்துவர் ஐயா, இதை எங்களிடம் சொல்லும்போது, "அந்தப் பதினோரு நிமிடம் அவருடைய முடிவு, என்னுடையது இல்லை" என்றீர்கள். உங்கள் கைத்திறமைக்குத் தலை வணங்குகிறேன். அந்த வாக்கியத்துக்கு இன்னும் கூடுதலாக.

ஐசியுவில் இரண்டாம் இரவு. ஹெப்பாரினைக் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கி ஐந்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. வடிகுழாயில் வந்த நீர் சிவக்கத் தொடங்கியது. அலாரம் எதுவும் அடிக்கவில்லை. ஆனால் இரவுப் பணி சிஸ்டர், நீங்கள் பம்பின் ரத்த ஓட்ட எண் மெல்ல இறங்குவதைப் பார்த்துவிட்டீர்கள். நாடி இல்லாமலே ரத்த ஓட்டத்தைக் கேட்கும் டாப்ளர் கருவியை வைத்துப் பார்த்தபோது ரத்த அழுத்தம் 58-க்கு இறங்கியிருந்தது. உங்களோடு இருந்த புதிய சிஸ்டர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போனார். நீங்கள் ஸ்டெதாஸ்கோப்பை அவர் காதில் மாட்டி அப்பாவின் நெஞ்சில் வைத்து, "இந்த ரீங்காரம் கேட்கிறதா? பம்ப் ஓடுகிறது. நாடியைத் தேடாதே, போய் டாக்டரைக் கூப்பிடு" என்றீர்கள். ஹெப்பாரினை நிறுத்தினார்கள், இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள், விடியும்போது வடிகுழாய் தெளிந்துவிட்டது. திரும்ப வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அந்த இரவு முழுவதும், வேலைக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் எல்லாம், நீங்கள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு பை ரத்தத்தைக் கொடுத்தவர்கள் யாரென்று எங்களுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. வெள்ளணுக்களை வடிகட்டிய ரத்தத்தைத்தான் தர வேண்டும், இல்லையென்றால் பின்னாளில் மாற்று இதயம் பொருத்தும் வாய்ப்பையே எதிர்ப்பணுக்கள் கெடுத்துவிடலாம் என்று பார்த்து அனுப்பிய ரத்த வங்கிக்காரர்களுக்கும் நன்றி. மூன்றாம் நாளே பேட்டரிப் பையைத் தோளில் மாட்டிவிட்டு அப்பாவை நடக்க வைத்த பிசியோதெரபிஸ்ட் தம்பிக்கு, வயர் இழுபடாமல் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிய அண்ணன்களுக்கு, அம்மாவுக்குப் போர்வை கொண்டுவந்து கொடுத்த அக்காவுக்கு, எல்லோருக்கும்.

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. எடுத்த 19 நிணநீர் முடிச்சுகளில் ஒன்றிலும் புற்று இல்லை. இப்போதைக்குக் கீமோ வேண்டாம் என்றிருக்கிறார் புற்றுநோய் மருத்துவர். மாற்று இதயத்துக்கான பேச்சு, புற்று திரும்பாமல் சில காலம் போன பிறகுதான். அதுவரை பம்ப் ஓடும், நாங்கள் பேட்டரி மாற்றிக்கொண்டிருப்போம்.

அடுத்த ஸ்கேனுக்கு அடுத்த மாதம் வருகிறோம். பத்து மணிக்குத்தான் நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இரவுப் பணி சிஸ்டர் ஏழரைக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார், அதற்கு முன்பே ஐசியு வாசலில் இருக்க வேண்டும் என்று அப்பா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

நன்றியுடன்,
அவருடைய மகள்