கூட்டுக்கு நெருப்பு வைக்க முன்னம்
யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான, மருத்துவ பீடத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே, ஆய்வு மாணவர்களே,

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு குளவிக்கூட்டை எரித்தார்கள். வடலி ஒன்றின் காவோலைக்குள் பெரிய பானை அளவுக்குக் கட்டியிருந்தது. இரவு சூள் கொளுத்தி, நீளத் தடியில் கட்டி நீட்டினார்கள். விடியப் பார்த்தால் சாம்பலும் கருகிய குளவிகளும்தான் மிச்சம். எரித்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பக்கம் கள்ளுச் சீவப் போனவருக்குக் கழுத்திலும் கையிலும் பத்துப் பன்னிரண்டு கொட்டு. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார். பயம் இருக்கத்தானே செய்யும்.

ஆனால் முப்பது வருடம் உயிரியல் படிப்பித்த எனக்கு அந்தச் சாம்பலைக் கடந்து போக மனம் வரவில்லை. உங்களுக்கு எழுதுவது அதனால்தான்.

குளவி நஞ்சில் பெரிய புரதங்கள் உண்டு, தடிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் உண்டு, அவற்றோடு அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு சங்கிலிகளான பெப்தைட்டுகளும் உண்டு. 1979 இல் யப்பானிய ஆய்வாளர்கள் வெஸ்புலா லுவிசி என்ற குளவியின் நஞ்சிலிருந்து 14 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட ஒன்றைப் பிரித்து மாஸ்டோபரான் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் உடம்பில் ஒவ்வாமைக்குக் காரணமான மாஸ்ட் கலங்களுக்குள் மணிமணியாக அடைந்திருக்கும் ஹிஸ்டமினை வெளியே கொட்டவைப்பது அது. கொட்டின இடம் தடித்துச் சிவப்பதில் அதற்கும் பங்குண்டு.

அதன் வேலை அதோடு முடியவில்லை. நீரில் தளர்ந்து கிடக்கும் இந்தச் சங்கிலி, கலமென்சவ்வைக் கண்டதும் சுருளாக முறுகும். சுருளின் ஒரு பக்கம் நேர் மின்னேற்றம் கொண்டது, நீரை நாடும். மறுபக்கம் கொழுப்பை நாடும். பற்றீரியாவின் மேற்புறம் எதிர் மின்னேற்றம் கூடியது என்பதால் அதில் போய் ஒட்டி, உள்ளே நுழைந்து ஓட்டை போடும். சிக்கல் என்னவென்றால், எங்கள் சொந்தக் கலங்களையும் அது விட்டுவைக்காது. 2020 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அந்தச் சங்கிலியின் ஒரு பகுதியை மாற்றி, மனிதக் கலங்களுக்குக் கேடு குறைந்ததாகவும் பற்றீரியாவுக்குக் கடுமையானதாகவும் ஆக்கினார்கள். கொடிய தொற்று ஏற்றப்பட்ட எலிகளில் 80 வீதம் அதனால் பிழைத்தன. வழக்கமான அன்டிபயோட்டிக்குகள் கேட்காத கிருமிகள் பெருகும் காலத்தில் இது சின்ன விடயமில்லை.

பிரேசிலின் பொலிபியா பவுலிஸ்தா குளவியிலிருந்து கிடைத்த எம்பி-1 என்ற பெப்தைட்டைப் பற்றியும் நீங்கள் அறிவீர்கள். சுகமான கலங்கள் மென்சவ்வின் உட்புறத்தில் வைத்திருக்கும் சில கொழுப்புகளைப் புற்றுநோய்க் கலங்கள் வெளிப்புறத்தில் காட்டும். எம்பி-1 அவற்றைப் பற்றிக்கொண்டு துளையிடுவதை 2015 இல் செயற்கை மென்சவ்வுகளில் காட்டினார்கள். சரி, இது இங்கே எப்படி வந்து சேர்ந்தது தெரியுமா? "குளவி கொட்டினால் கான்சர் மாறுமாமே, சேர்" என்று என்னிடம் கேட்கிறார்கள். நெஞ்சு திக்கென்றது. முழு நஞ்சில் உள்ள பெரிய புரதங்கள் ஒவ்வாமை உள்ளவரைச் சில நிமிடத்தில் சாய்த்துவிடும்; அப்போது சுண்ணாம்பு உதவாது, உடனே அதிரினலின் ஊசி வேண்டும். கூட்டமாகக் கொட்டினால் தசை சிதைந்து சிறுநீரகமே பழுதாகலாம். இதையெல்லாம் நீங்கள் தமிழில், சனத்துக்கு விளங்கச் சொன்னால் கேட்பார்கள். நான் சொல்வதைவிட உங்கள் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

இனி என் கோரிக்கை. வயிற்றில் அகன்ற மஞ்சள் பட்டையோடு எங்கள் நாட்டில் பறக்கும் வெஸ்பா அஃபினிஸ் குளவி தாய்வானிலும் உண்டு. அங்கே அதன் நஞ்சிலிருந்து மாஸ்டோபரான் வகைப் பெப்தைட்டைப் பிரித்து, பற்றீரியாவை அது கொல்வதை ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கே கூட்டோடு கொளுத்துகிறோம்.

கட்டாயம் அகற்றவேண்டிய கூடு என்றால், எரிக்க முன்னம் உங்களை அழைக்க ஒரு தொலைபேசி எண் தாருங்கள். பாதுகாப்பு உடுப்போடு பழகிய இரண்டு மூன்று பேர் இரவில் வந்து, கூட்டைப் பையால் மூடி எடுத்து உறையவைத்தால், நஞ்சுப்பைகளைப் பிறகு பிரித்தெடுக்கலாம். ஒரு குளவியில் கிடைப்பது துளியிலும் துளி. முழுக்கூடு கிடைத்தால்தான் வேலைக்கு உதவும். ஆளில்லாத இடத்துக் கூடுகளை அப்படியே விடச் சொல்லுங்கள். பயிரைத் தின்னும் புழுக்களைப் பிடித்துத்தான் குளவி தன் குஞ்சுகளை வளர்க்கிறது. சீவற்தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பனையில் கூடு இருக்கிறது என்று அவர்களைக் கேட்டால் போதும்.

எங்கள் வளவின் பின்பக்கத்திலும் ஒரு கூடு கட்டுப்படுகிறது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் கயிறு கட்டி வைத்திருக்கிறேன். அயலவர்களிடம் மாரி தொடங்கும் வரை தவணை கேட்டிருக்கிறேன். அதற்குள் வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
வலிகாமம்