சனிக்கிழமை மாலை பீட்சா ஒன்றுகூடல்: உறுப்பினர்களின் கவனத்திற்கு

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம். எதிர்வரும் சனிக்கிழமை மாலை 6.30 மணிக்குக் கல்லடியிலுள்ள பீட்சா உணவகத்தில் நமது குடும்பங்கள் ஒன்றுகூடவிருப்பதால், ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் வருவோரின் எண்ணிக்கையையும் அவர்களுள் மரக்கறி மட்டும் உண்போர் எத்தனை பேர் என்பதையும் வியாழக்கிழமை இரவுக்குள் இக்குழுவில் பதிவிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். நகரப் பக்கமிருந்து வருவோர் பாலத்தைக் கடக்கும் நேரத்தையும் கணக்கிலெடுத்துப் புறப்படுவது நல்லது.

மரக்கறி உண்போர் தொடர்பாக ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. இறைச்சி சேர்க்காத பீட்சாவாக இருந்தாலும், சில வகைச் சீஸ்கள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் நொதியால் பாலைத் திரையவைத்துச் செய்யப்படுபவை. ஆகவே விரதம் காக்கும் பெரியவர்கள் இருப்பின் முன்கூட்டியே அறியத் தாருங்கள், சீஸின் வகையை உணவகத்தாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே அவர்களுக்குரியதை ஓடர் செய்வோம். எல்லோரும் சாப்பிடும்போது அவர்கள் மட்டும் சோடாவுடன் அமர்ந்திருப்பதை நாம் விரும்பவில்லை. மரக்கறிப் பீட்சாவை வேறு கத்தியால் வெட்டித் தருமாறும் கேட்போம்.

8 அங்குலப் பீட்சா இரண்டின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 100 சதுர அங்குலம். 12 அங்குலப் பீட்சா ஒன்றோ 113 சதுர அங்குலம். எனவே விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து, பெரியவற்றை வாங்கிப் பகிர்வதே சிக்கனம் என எண்ணுகிறோம். போறணையிலிருந்து எடுத்தவுடன் உருகிய சீஸ் வாயைச் சுட்டுவிடும் என்பதால் சிறுபிள்ளைகளுக்கு ஆறவிட்டுக் கொடுங்கள். சேவைக் கட்டணம் இருப்பின் அதையும் சேர்த்துப் பெரியவர்களின் எண்ணிக்கைப்படி பில்லைப் பங்கிடுவோம். பிள்ளைகளுக்குப் பணம் அறவிடப்படாது.